ஒரே கடையில் விற்றதுதான் காரணமாம்!

கடலூர் ஓ.டி. கிட்டார்:
நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அமெரிக்க ராக் குழு கன்ஸ் அண்ட் ரோசஸின் 'சைனீஸ் டெமாக்ரசி' ஆல்பம் 2008இல் எதிர்பார்த்த அளவு விற்காமல் போனதற்கு, அமெரிக்காவில் பெஸ்ட் பை கடைகளுக்கு மட்டும் சிடியைக் கொடுத்ததுதான் காரணமாம். ஐயா, அதற்கு ஒரு மாதம் முன்னால் இன்னொரு ராக் குழு ஏசி/டிசி 'பிளாக் ஐஸ்' சிடியை அங்கே வால்மார்ட்டுக்குத்தான் கொடுத்தார்கள். முதல் வாரமே 7,84,000 விற்பனை, அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். கன்ஸ் அண்ட் ரோசஸுக்கு 2,61,000, மூன்றாம் இடம். கடையா காரணம்? கிட்டார் வாசித்த ஸ்லாஷ் 1996இலேயே குழுவை விட்டுப் போய்விட்டார். அவர் கிட்டார் இல்லாமல் அது என்ன கன்ஸ் அண்ட் ரோசஸ்?

முத்தியால்பேட்டை பாஸ்:
எழுதியவன் நான்தான், பெயர் சொல்லியே கேட்கலாம். வால்மார்ட்டும் பெஸ்ட் பையும் ஒன்றா? பாலும் முட்டையும் வாங்கப் போகிறவன் வண்டியில் ஒரு சிடியையும் போட்டுக்கொள்வான். பெஸ்ட் பை டிவி, கம்ப்யூட்டர் விற்கிற கடை. வாரா வாரம் டிவி வாங்கப் போவார்களா?

கடலூர் ஓ.டி. கிட்டார்:
சைனீஸ் டெமாக்ரசி நெட்டில் பாட்டு விற்கிற ஐடியூன்ஸிலும் கிடைத்தது. பிளாக் ஐஸுக்கு அதுவும் இல்லை. மறுபடியும் சொல்கிறேன்: 7,84,000.

வில்லியனூர் டிரம்ஸ்:
ஜூன் மாதமே ஒன்பது பாட்டு நெட்டில் கசிந்துவிட்டது அண்ணே. அப்புறம் சொந்தப் பாட்டு ஆல்பத்துக்கு 1991இலிருந்து 17 வருஷம் காத்திருப்பு. 1 கோடியே 30 லட்சம் டாலர் செலவு என்று நியூயார்க் டைம்ஸ் 2005இலேயே எழுதியது. எவ்வளவு விற்றாலும் குறைவாகத்தான் தெரியும்.

கடலூர் ஓ.டி. கிட்டார்:
தம்பி, கசிவைப் பற்றி யார் கேட்டது? கடையைப் பற்றிப் பேசுகிறோம். வால்மார்ட்டைப் பற்றி நான் சொன்னதற்குப் பாஸின் பதில் எங்கே?

முத்தியால்பேட்டை பாஸ்:
சொல்லியாகிவிட்டது. படிக்கத் தெரிந்தவர்களுக்குப் புரியும். கடலூரில் அந்தக் காலத்தில் ராக் கேசட் வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பாண்டிக்குத்தானே வந்தீர்கள்? கடை முக்கியமில்லையாம்!

கடலூர் ஓ.டி. கிட்டார்:
வந்தோம். தேடி வந்தோம். வேண்டுமென்கிறவன் ஒரே கடையானாலும் தேடிப் போவான், அதைத்தான் நானும் சொல்கிறேன். கேசட் பேச்சை எடுத்ததே நீங்கள்தான். கன்ஸ் அண்ட் ரோசஸின் 'யூஸ் யுவர் இல்யூஷன்' முதல் பாகத்தை 90 நிமிஷ டிடிகே கேசட்டில் பதிந்து உங்களிடம் கொடுத்தேனே, திரும்பி வந்ததா?

முத்தியால்பேட்டை பாஸ்:
பி பக்கம் பாதியில் இழுத்த கேசட் அது. அதற்கு இத்தனை வருஷக் கணக்கா?

கடலூர் ஓ.டி. கிட்டார்:
இழுத்தது உங்கள் டெக். ஏசி/டிசியும் ஒரே கடைதான். 7,84,000.

வில்லியனூர் டிரம்ஸ்:
கன்ஸ் அண்ட் ரோசஸ் பாடகர் ஆக்ஸல் ரோஸ் விளம்பரத்துக்கு முகமே காட்டாததை ஒருவரும் பேச மாட்டீர்களா?

முத்தியால்பேட்டை பாஸ்:
டிவி விற்கிற கடை அண்ணே. டிவி விற்கிற கடை.

கடலூர் ஓ.டி. கிட்டார்:
கேசட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சுக்கு வாருங்கள். என் டெக்கில் போட்டுக் காட்டுகிறேன், இழுக்கிறதா என்று.