தம்பி எழுதின கதை, எப்படிக் கருத்து சொல்றது?

வணக்கம். நான் கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணம். பக்கத்து வீட்டுத் தம்பி நோட்டுல 14 பக்கம் கதை எழுதி, "உள்ளதைச் சொல்லுக்கா"னு கொடுத்திருக்கான்.

பாட்டி சட்டியைக் காலால அழுத்திக்கிட்டு, துடுப்பால களி கிண்டுற இடம் பிரமாதம். ஆவி என் முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா முதல் மூணு பக்கமும் வெறும் வானம், மேகம்தான். கார்த்திகையில பெங்களூரா ரக மாங்காய் அறுக்குறாங்க! நம்ம பக்கம் தை மாசத்துலதான பூவே எடுக்கும்? கடைசியில எல்லாரையும் சாகடிச்சுட்டான் வேற.

முன்னாடி ஒருத்தர் பக்கம் பூரா சிவப்பு மையால அடிச்சுக் கொடுத்ததுல, ஆறு மாசம் பேனாவையே தொடல அவன். ரொம்ப ரோஷக்காரன். களியில இருந்தே கதையைத் தொடங்குன்னு சொல்லலாமா, இல்ல கேள்வியா கேட்டு அவனையே யோசிக்க விடலாமா? எழுதுறவங்க சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நோட்டு வாங்க வந்துடுவான்.