எங்க ஒண்ணாப்பு டீச்சர் போயிட்டாங்க

நேத்து ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாங்களாம், வாட்ஸப்ல பாத்ததும் கை ஓடல. நான் ஒண்ணாப்பு சேந்தது 1982, எம்ஜிஆர் சத்துணவு ஆரம்பிச்ச அதே வருஷம். புளியங்கொட்டைய தரையில பரப்பித்தான் கூட்டல் கழித்தல் சொல்லிக்குடுத்தாங்க, எச்சி தொட்டு சிலேட்ட அழிச்சா மட்டும் கோவம் வரும், கோவை இலை பறிச்சிட்டு வாடான்னு வேலிக்கு அனுப்புவாங்க. அவங்க நெனப்பா பள்ளிக்கூடத்துக்கு ஏதாச்சும் செய்யணும், என்ன செய்யலாம்?

பதில் 1:
ஐயோ, எப்ப எடுக்குறாங்க? நானும் அவங்ககிட்டதான் படிச்சேன். இடது கையால எழுதுறேன்னு வீட்ல அடிப்பாங்க, டீச்சர் எங்கப்பாவ கூப்ட்டு விட்ருங்கன்னு சொன்னாங்க, இன்னிக்கும் அந்தக் கைதான்.

பதில் 2:
ஃபிளக்ஸ் மட்டும் வேண்டாம்பா, ஒரு வாரத்துல கிழிஞ்சிரும். 2022ல கவர்மெண்ட் ஆரம்பிச்ச 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' இருக்குல்ல, அதுல முன்னாள் மாணவங்க அரசுப் பள்ளிக்கு பணம் குடுக்கலாம். மொதல்ல ஹெச்எம்ம பாத்து என்ன தேவைன்னு கேளுங்க.

பதில் 3:
சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்குறாங்களாம். வர்றவங்க பள்ளிக்கூடத்து வாசல்ல நில்லுங்க, சேந்தே போவோம். கோவை இலை கெடச்சா கொஞ்சம் பறிச்சிட்டு வாங்க.