ஏர்சாஃப்ட் பிஸ்டல் மேகசினில் கேஸ் கசிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். கிருஷ்ணகிரி அருகே எங்கள் மாந்தோப்பில் இரண்டு வருடமாக ஒரு கேஸ் புளோபேக் ஏர்சாஃப்ட் பிஸ்டலில் (கேஸ் அழுத்தத்தில் பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) குறி பழகுகிறேன். 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு, இலக்கு, சாக்குத் திரைக்கு முன்னால் தொங்கும் பழைய பால் பவுடர் டின்.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. சித்திரை வெயிலில் சிலைடு (சுடும்போது நகரும் மேல்பாகம்) பளீரென்று பின்வாங்கும். மார்கழி விடியலில் ஏழெட்டுக் குண்டுக்குள் சோர்ந்துவிடும். திரவ கேஸ் ஆவியாகும்போது, குண்டும் கேஸும் நிரப்பும் மேகசினின் சூட்டையே உறிஞ்சிக்கொள்வதால் அது இயல்புதான்.

இப்போதைய தொல்லை வேறு. கேஸ் நிரப்பி வைத்தால் மறுநாள் காலி. வாளித் தண்ணீரில் மேகசினை முக்கினேன். அடித்தட்டு ஓரமாக மணிமணியாகக் குமிழி வந்தது. திறந்து பார்த்தால், ரப்பர் வளையம் ஊறவைத்த கொண்டைக்கடலை போல உப்பியிருக்கிறது. குற்றவாளி நான்தான். சிலிகான் எண்ணெய் தீர்ந்த நாளில் அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயைத் தடவினேன். பெட்ரோலிய எண்ணெய் சில வகை ரப்பரைக் கெடுக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

விற்றவரோ புது மேகசின் வாங்கச் சொல்கிறார். ஒரு வளையத்துக்காகவா?

ஓசூர்ப் பக்கம் ஹைட்ராலிக் சீல் விற்கும் கடைகளில் இந்த அளவுக்கு ஓ-ரிங் (அந்த ரப்பர் வளையம்) சில்லறையாகத் தருவார்களா? நைட்ரைல் ரப்பர் போதுமா? இன்னொன்று: கடைசிக் குண்டுக்குப் பிறகு சிலைடு பின்னால் நிற்பதில்லை, அதைப் பிடிக்கும் வெட்டு மழுங்கியிருக்கிறது. அரம் வைத்துச் சீராக்கிய அனுபவம் யாருக்காவது உண்டா?