தறிவீட்டுச் சொந்தங்கள்: சனிக்கிழமை இரவுப் பேச்சு

சாந்தி: [படம்]

சாந்தி: எல்லோருக்கும் வணக்கம். இந்த நோட்டீஸைக் கொஞ்சம் பாருங்கள். அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன் டிப்ளமோ, 6 மாதம், 85,000 ரூபாய், வேலை உறுதி என்று போட்டிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் 15,000 கட்டினால்தான் சீட்டாம். கவிக்கு ரொம்ப ஆசை. யாருக்காவது விவரம் தெரியுமா?

பிரபு: வாழ்த்துகள் கவி

மல்லிகா: எந்த ஊர்?

சாந்தி: பக்கம்தான் அக்கா. ஒரே பஸ்.

மல்லிகா: பணம் கட்டியாச்சா?

சாந்தி: இன்னும் இல்லை. கொலுசு ஆர்டர் பணம் வரட்டும் என்கிறார் கவி அப்பா. யாராவது ஒரு மாதத்துக்குக் கைமாற்றாகக் கொடுத்தால் நல்லது.

பிரபு: ஆடித் திருவிழா வண்டி வேடிக்கை ஊர்வலத்துக்கு யார் யார் வருகிறீர்கள்? சேலம் குகைப் பகுதியில் மொட்டை மாடி சொல்லிவைக்க வேண்டும். போன வருஷம் கடைசி நேரத்தில் தெருவில் நின்றோம்.

மல்லிகா: ஆயாவால் மாடி ஏற முடியாது பிரபு

செல்வம்: அண்ணி, பணம் கட்டாதீர்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டூட்டியில் இருக்கிறேன். முடித்துவிட்டு எழுதுகிறேன்.

சாந்தி: ஏன் தம்பி? திங்கட்கிழமை கடைசி நாள்.

சாந்தி: தம்பி?

வித்யா: காலை வணக்கம் எல்லோருக்கும். இங்கே டல்லாஸில் சோனோகிராஃபருக்கு நல்ல மதிப்பு அத்தை. என் பக்கத்து வீட்டுப் பெண் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வேலைக்குப் போகிறாள்.

கவி: ஆமாம் வித்யா அண்ணி, நானும் யூடியூபில் பார்த்தேன். அவர்களே ஸ்கேன் எடுக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் ஆசை வந்தது.

தங்கராஜ்: செல்வம் வந்து சொல்லட்டும்.

பிரபு: ஆயாவுக்கு நாற்காலி கீழேயே போடலாம் அம்மா

செல்வம்: அண்ணி, கவி, பொறுமையாகப் படியுங்கள். கொஞ்சம் நீளம்தான். கவி பார்த்த வீடியோ எல்லாம் அமெரிக்காவுக்குப் பொருந்தும். அங்கே சோனோகிராஃபர் என்பது தனித் தொழில். படம் எடுப்பது அவர், பார்த்து முடிவு சொல்வது டாக்டர். நம் ஊர் முறை வேறு. இங்கே வயிற்று ஸ்கேனில் புரோபை, அதாவது உடம்பின் மேல் வைக்கிற கருவியை, பிடிப்பது டாக்டர்தான். கர்ப்பிணிக்கு என்றால் அதற்குச் சட்டமே இருக்கிறது, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-ல் வந்து 2003-ல் திருத்தியது. ரேடியாலஜி படித்த டாக்டர், மகப்பேறு டாக்டர், அல்லது அதற்கென 6 மாதப் பயிற்சி முடித்துத் தேர்வில் தேறிய எம்.பி.பி.எஸ். டாக்டர், இவர்கள்தான் எடுக்கலாம். அந்த நோட்டீஸில் இருக்கிற 6 மாதமும் இந்த 6 மாதமும் ஒன்றல்ல. இது ஏற்கெனவே டாக்டராக இருப்பவருக்கு. பிளஸ் டூ முடித்த பிள்ளை 6 மாதத்தில் வாங்குகிற சான்றிதழை வைத்துக்கொண்டு ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் புரோபை வைத்தால் அது குற்றம். முதல் முறையே 3 வருஷம் வரை சிறை.

சாந்தி: ஐயோ

மல்லிகா: அந்தச் சட்டத்துக்கு முன்பே நம்ம சேலம் ஜில்லாவில் பெண் சிசுக்கொலையைத் தடுக்கப் பார்த்தார்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் இங்கேதானே ஆரம்பித்தது.

மல்லிகா: ஆயாவிடம் படித்துக் காட்டினேன். வாய்ஸ் போடச் சொன்னார்.

மல்லிகா: [குரல் செய்தி 0:41]

தங்கராஜ்: பட்டறைச் சத்தத்தில் கேட்கவில்லை. என்ன சொல்கிறார்?

மல்லிகா: அந்தக் காலத்தில் பெண் பிறந்தால் கொல்லைப்புறம் போய்ப் பேசுவார்களாம். யாரும் இனிப்பு வாங்க மாட்டார்களாம். கவி டாக்டர் ரூமுக்குள் வேலைக்குப் போகிறாள் என்றால் தன் காதுக் கம்மலைக் கூடக் கொடுக்கிறேன் என்கிறார்.

கவி: ஆயா கம்மல் வேண்டாம்

வித்யா: ஆயா

செல்வம்: கம்மலுக்கு வேலை இல்லை. மீதியையும் படியுங்கள். ஸ்கேன் அறையில் டாக்டர் அல்லாதவருக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது. வந்தவர் தண்ணீர் குடித்தாரா, மூத்திரப்பை நிறைந்ததா என்று பார்க்க வேண்டும். காற்று இடையில் நின்றால் ஒலி உள்ளே போகாது, அதற்குத்தான் ஜெல். அப்புறம் படிவம் எஃப். ஸ்கேனுக்கு வருகிற ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அதை எழுத வேண்டும். இருக்கிற பிள்ளைகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, வயது என்ன என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. முதல் இரண்டும் பெண் என்று எழுதும்போது சிலருக்குக் குரல் இறங்கிவிடும். அந்த இடத்தில் நம் முகம் எப்படி இருக்கிறது என்பது முக்கியம். மாதா மாதம் 5-ம் தேதிக்குள் எல்லாப் படிவமும் அதிகாரிக்குப் போக வேண்டும். இந்த வேலைக்குப் பொறுப்பான பிள்ளைகள் வேண்டும். ஆனால் இதைக் கற்க 85,000 ரூபாய் தேவையில்லை.

சாந்தி: அப்படியென்றால் என்னதான் படிப்பது தம்பி? அதைச் சொல்லுங்கள்.

செல்வம்: டைப் செய்துகொண்டிருக்கிறேன் அண்ணி

பிரபு: ஏற்காட்டில் மழை. கரண்ட் இல்லை. சார்ஜ் போகும் முன்னால் மாடி விஷயத்தை முடியுங்கள்.

தங்கராஜ்: நாங்கள் நாலு பேர்.

செல்வம்: முதல் வழி. பி.எஸ்சி. ரேடியாலஜி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி. 3 வருஷப் படிப்பு, 1 வருஷம் இன்டர்ன்ஷிப். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் பாராமெடிக்கல் பட்டப்படிப்புகளுக்கு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு விண்ணப்பம் வாங்கும். நீட் வேண்டாம். பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்தான். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் இதில் வரும். பட்டம் வேண்டாம், சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்றால் 2 வருஷ ரேடியோ டயக்னாசிஸ் டிப்ளமோ இருக்கிறது. தனியார் கட்டணத்தோடு பார்த்தால் அரசுக் கல்லூரிக் கட்டணம் மிகவும் குறைவு. கவி ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதானே? புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

கவி: ஆமாம் சித்தப்பா. அக்காவுக்கு வந்தது.

சாந்தி: எக்ஸ்ரே என்றால் ரேடியேஷன் இல்லையா? நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது? தப்பாக நினைக்காதீர்கள் தம்பி.

செல்வம்: இதில் தப்பு என்ன அண்ணி, கேட்க வேண்டிய கேள்விதான். எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் கதிர்வீச்சு உண்டு. அதனால்தான் சட்டைப்பையில் பேட்ஜ் மாட்டுகிறோம். நம் மேல் எவ்வளவு பட்டது என்று அது கணக்கு வைக்கும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அளவு வைத்திருக்கிறது. சுவருக்குப் பின்னால் நின்றுதான் பட்டனை அழுத்துவோம். என் மகனும் மகளும் நான் இந்த வேலைக்கு வந்த பிறகு பிறந்தவர்கள்தான். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் அந்தக் கதிர்வீச்சே கிடையாது.

மல்லிகா: எனக்கு நர்ஸ் டிரெய்னிங் சீட் வந்தபோது அப்பா என்னைத் தறியில் உட்கார வைத்தார். தம்பிகள் படிக்க வேண்டும் என்றார். நான் நெய்த சேலையில்தான் செல்வம் படித்தான். கவிக்கு அப்படி ஆகக் கூடாது. பணம் நான் தருகிறேன்.

தங்கராஜ்: அக்கா, பழைய கதை இப்போது எதற்கு?

மல்லிகா: பழைய கதை இல்லை. தறி விற்ற பணத்தில் என் பங்கை இன்னும் யாரும் பேசவில்லை.

தங்கராஜ்: அதை நேரில் பேசலாம்.

மல்லிகா: எப்போது?

பிரபு: அம்மா

மல்லிகா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வம்: அக்கா சொன்னது உண்மை. அவர் நெய்த காசில்தான் நான் படித்தேன். அது தெரிந்துதான் இவ்வளவு எழுதுகிறேன்.

கவி: சித்தப்பா, ஒரு கேள்வி. எனக்கு ஸ்கேன் கையால் எடுக்க வேண்டும். ஃபாரம் எழுதுவது மட்டும் என்றால் வருத்தமாக இருக்கும். வேறு வழியே இல்லையா?

செல்வம்: இருக்கிறது. இரண்டாவது வழி இதுதான். பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி. இதய எக்கோவும் அல்ட்ராசவுண்ட்தான். அதே ஒலி அலை, அதே ஜெல், புரோப் மட்டும் சின்னது, விலா எலும்பு இடுக்கில் வைக்க வேண்டும். பல மருத்துவமனைகளில் இந்தப் படிப்பு முடித்தவர்கள்தான் எக்கோ எடுக்கிறார்கள், டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். உனக்குக் கை வேலை வேண்டும் என்றால் இதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. இதற்கும் அதே தேர்வுக் குழுதான்.

கவி: இதை யாருமே சொல்லவில்லை

வித்யா: மாமா, இங்கேயும் எக்கோ தனிப் பிரிவு. சோனோகிராஃபர்களுக்கான ஏ.ஆர்.டி.எம்.எஸ். தேர்வு எழுத வேண்டும். சி.ஏ.ஏ.எச்.இ.பி. என்கிற அமைப்பின் அங்கீகாரம் உள்ள காலேஜா என்று முதலில் பார்ப்பார்கள்.

செல்வம்: அங்கீகாரம்தான் வித்யா எல்லா ஊரிலும் முதல் கேள்வி. அண்ணி, அந்த நோட்டீஸில் எந்தப் பல்கலைக்கழகம் என்று இருக்கிறதா?

சாந்தி: ஐ.எஸ்.ஓ. சான்று பெற்றது என்று இருக்கிறது. அரசுப் பதிவு என்றும் இருக்கிறது.

செல்வம்: ஐ.எஸ்.ஓ. படிப்புக்கான அங்கீகாரம் ஆகாது. பதிவு என்பது சொசைட்டியாகவோ கம்பெனியாகவோ பதிந்ததாக இருக்கும். 2021-ல் வந்த மத்திய சட்டத்தில் இந்த மாதிரி வேலைக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், 2 வருஷத்துக்குக் குறையாத படிப்பு என்று இருக்கிறது. 6 மாதம் அதில் எங்கே அடங்கும்? திங்கட்கிழமை போய் மூன்று மட்டும் கேளுங்கள். சான்றிதழில் கையெழுத்துப் போடுவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்தத் துறை. பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி. எம்.ஆர்.பி., அதாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அரசு வேலை அறிவிப்புக்கு இந்தச் சான்றிதழ் செல்லுமா. மூன்றையும் எழுத்தில் கேளுங்கள், பணம் எடுத்துப் போகாதீர்கள்.

சாந்தி: அந்தப் பெண் ரொம்ப அன்பாகப் பேசினாள் தம்பி. தினமும் போன் செய்கிறாள்.

மல்லிகா: சீட் விற்கிறவள் போன் செய்யத்தான் செய்வாள் சாந்தி

தங்கராஜ்: விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும்?

செல்வம்: மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார். எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு என்பது விளக்கக் கையேட்டில் இருக்கும். ஏஜென்ட் வைக்காதே கவி, நீயே ஆன்லைனில் போடலாம்.

சாந்தி: அரசு சீட் கிடைக்காவிட்டால்? அதற்குள் இதுவும் போய்விட்டால்?

செல்வம்: அதே தேர்வுக் குழு மூலம் தனியார் கல்லூரி அரசு ஒதுக்கீட்டு இடங்களும் உண்டு. நோட்டீஸ் சீட் எங்கேயும் போகாது அண்ணி.

சாந்தி: அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கிறேன்.

தங்கராஜ்: நான் இங்கேதான் இருக்கிறேன். நாளை பேசலாம்.

பிரபு: மொட்டை மாடிக்கு 12 பேர் என்று சொல்லிவிட்டேன். சார்ஜ் 4 சதவீதம்.

மல்லிகா: நாளைக் காலை நானும் வருகிறேன். இரண்டையும் பேசலாம்.

தங்கராஜ்: வாருங்கள் அக்கா.

கவி: சித்தப்பா, சாதிச் சான்றிதழ் பத்தாவதில் வாங்கியது. அதுவே போதுமா?

செல்வம்: போதும். ஸ்கேன் செய்து வை. பெயரில் இனிஷியல் மார்க் ஷீட்டில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பார்.

கவி: அதில் டி. கவிப்ரியா, இதில் கவிப்ரியா டி.

செல்வம்: காலையில் எடுத்து வை, வந்து பார்க்கிறேன்.