'மாலிபு ரைசிங்' படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு எங்கள் வாசிப்பு வட்டத்தில் டெய்லர் ஜென்கின்ஸ் ரீட் எழுதிய 'மாலிபு ரைசிங்' (2021) பற்றி நான் பேச வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு இப்போது முழிக்கிறேன்.

1983 ஆகஸ்டில், கலிஃபோர்னியக் கடற்கரையில் 24 மணி நேரத்தில் நடக்கும் கதை. அப்பா மிக் ரீவா ஊரறிந்த பாடகர், குடும்பத்தை அம்போவென்று விட்டுப் போனவர். அம்மா ஜூன் இறந்ததும் மூத்தவள் நீனா படிப்பை விட்டுவிட்டு, குடும்ப உணவகத்தையும் தம்பி தங்கையையும் தாங்குகிறாள். அப்புறம் மாடலாக அவளும் பிரபலமாகிறாள். மிக்குக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த ஹட்டை ஜூன் தன் மகனாகவே வளர்க்கிறாள் பாருங்கள், நாவலின் உயிர் அங்கேதான். (அன்று இரவு நீனா வீட்டில் நடக்கும் பார்ட்டி அத்தியாயங்களில் எனக்குக் கொட்டாவிதான் வந்தது.)

நான் மாட்டிக்கொண்டது முடிவில். நீனா கடைசியில் செய்வது விடுதலையா, அப்பா செய்த அதே காரியமா? எனக்கே இரண்டு நாளாக மனம் மாறிக்கொண்டிருக்கிறது. வட்டத்தில் பாதிப் பேர் இன்னும் படித்து முடிக்கவில்லை, அதனால் முடிவை உடைக்காமல் இதை எப்படிப் பேசுவது?

புகழ்பெற்ற அப்பா கைவிட்ட பிள்ளைகளைப் பற்றித் தமிழில் நாவல் ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் புண்ணியமாகப் போகும்.