கம்பைல் பண்ணி சேமிச்சும் ஸ்லோ, அவசரம்

கிழங்குமண்டி: ரெஜெக்ஸ் (எழுத்துல தேடற பேட்டர்ன்) எல்லாத்தையும் கம்பைல் பண்ணி, அதாவது ஓட்டறதுக்குத் தோதா மாத்தி, பிக்கிள் ஃபைல்ல போட்டு வச்சுட்டேன். லோட் பண்ணவும் கம்பைல் ஆகற அதே நேரம் எடுக்குது, அப்புறமும் எடைச்சீட்டு ஓட்டறதுக்குள்ள டீ ஆறிடுது. போன வாரம் வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க. காலைல ஆறுக்கு குச்சிக்கிழங்கு லாரி வந்துரும்.

அஸ்தம்பட்டியான்: எந்த மொழி? எத்தனை பேட்டர்ன்? கோட் எங்க?

மலைக்காத்து: ப்ளஸ்ஸுக்குள்ள ப்ளஸ் போட்டிருப்பீங்க. பேக்டிராக்கிங்தான், பொருந்தலன்னா திரும்பத் திரும்பப் பின்னால போய்த் தேடும், எழுதி வச்சுக்கோங்க.

பழையகணக்கு: பைத்தான்னு வச்சுச் சொல்றேன். பிக்கிள்ங்கறது ஆப்ஜெக்ட்டை ஃபைல்ல சேமிக்கற வசதி, அதுல கம்பைல் ஆனது போகாது தம்பி. பேட்டர்ன் எழுத்தும் ஃப்ளாகும் (அதோட செட்டிங்) தான் போகும், லோட் பண்றப்ப புதுசா கம்பைல் ஆகும். டாக்குமென்ட்டைத் திறந்து பாக்கற வழக்கமே போச்சு இந்தக் காலத்துல.

கிழங்குமண்டி: பைத்தான் 3.11-ங்க. ஊர்ப்பேரு திருத்தற பேட்டர்ன். ஏற்காடு, ஏர்காடு, ஏர்க்காடுன்னு சீட்டுல ஆளுக்கு ஒண்ணு எழுதறாங்க. 490 இருந்துச்சு, போன வாரம் ஆத்தூர்ப் பக்கம் 90 சேர்த்தேன்.

மலைக்காத்து: அதுக்கு பேக்ஸ்லாஷ் டபிள்யூ ப்ளஸ் (\w+, தொடர்ந்து வர்ற எழுத்தையெல்லாம் பிடிக்கறது) போதுமே.

அஸ்தம்பட்டியான்: போதாதுங்ணா. சேலம்னு குடுங்க, 'ச', 'லம'ன்னு ரெண்டு துண்டா வரும். கொம்பையும் புள்ளியையும் அது எழுத்தாவே சேர்த்துக்காது.

பழையகணக்கு: ஏரிக்காடுதான் ஏற்காடு ஆச்சு. மத்ததெல்லாம் பிழை.

மலைக்காத்து: நான் மலைமேலயே இருக்கறவன். பஸ் போர்டுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதா?

பழையகணக்கு: பஸ் போர்டை வச்சா தமிழ் படிச்சீங்க?

அஸ்தம்பட்டியான்: சண்டை அப்புறம். தம்பி, லூப்ல ரீ.சர்ச்-க்கு (பைத்தான்ல பேட்டர்னைத் தேடற ஃபங்ஷன்) என்ன குடுக்கறீங்க? கம்பைல் ஆனதையா, எழுத்தையா?

கிழங்குமண்டி: லிஸ்ட்ல இருந்து எடுத்து .பேட்டர்ன் போட்டுக் குடுக்கறேன். அதுதானே கம்பைல் ஆனது?

அஸ்தம்பட்டியான்: அது வெறும் எழுத்து! எழுத்தாக் குடுத்தா லைப்ரரியே கம்பைல் பண்ணி 512 வரைக்கும் கையில வச்சுக்கும். மேல போனா பழசைத் தள்ளிரும். 490 இருந்தப்ப எல்லாம் தங்குச்சு. இப்ப 580. வரிசையா ஓடி முடிச்சு மறுபடி முதலாவதுக்கு வர்றப்ப அது எப்பவோ வெளிய போயிருக்கும், ரெண்டாவதும் அப்படியே. ஒவ்வொரு சீட்டுக்கும் 580-ம் புதுசா கம்பைல் ஆகுது. .பேட்டர்ன்-ஐ எடுத்துட்டு ஆப்ஜெக்ட்டையே குடுங்க. பிக்கிளும் வேண்டாம், ஆரம்பத்துல ஒரு தடவை கம்பைல் பண்ணிக்கிட்டாப் போதும்.

மலைக்காத்து: இருந்தாலும் பேக்டிராக்கிங்கையும் ஒருக்கா பாத்துருங்க.

கிழங்குமண்டி: ஓடிருச்சுங்ணா. லாரி வந்துருச்சு.

அஸ்தம்பட்டியான்: இப்ப எத்தனை செகண்டு ஆகுது?

பழையகணக்கு: இனி எங்க வரப்போறாரு. ஏரிக்காடுதான்.