பூனைத் தொட்டி மண்ணை முழுக்க மாற்றுவது: வாரம் ஒரு முறையா, மாதம் ஒரு முறையா?

இரண்டாம் மாடி:
வேளச்சேரியில் ஒரு படுக்கையறை வீடு. இரண்டு பூனைகள். கடுவனுக்கு 4 வயது, பெட்டைக்கு 1 வயது. இரண்டுக்கும் கருத்தடை ஆகிவிட்டது. குளியலறைக்கு வெளியே அவை மலமும் சிறுநீரும் கழிக்க ஒரே ஒரு தொட்டி. சிறுநீர் பட்டதும் கட்டியாகிற பெண்டோனைட் களிமண்தான் போடுகிறேன். ஞாயிறுதோறும் மண் முழுவதையும் கொட்டிவிட்டு, ஃபினாயில் ஊற்றித் தொட்டியைத் தேய்த்து, புது மண் நிரப்புவேன். நடுவில் இரண்டு நாளுக்கு ஒரு முறை கட்டிகளை அள்ளுவேன். மாதம் 20 கிலோ மண் போகிறது, 1,400 ரூபாய் ஆகிறது.

மாதம் ஒரு முறை மாற்றினால் போதும், காசை வீணாக்குகிறாய் என்கிறாள் அக்கா. பக்கத்து வீட்டு அம்மாவோ நெடி வருகிறது, வாரம் இரண்டு முறை மாற்று என்கிறார். இதற்கிடையில் பத்து நாளாகக் கடுவன் கால்மிதியில் சிறுநீர் கழிக்கிறான். தொட்டி சுத்தமாகத்தான் இருக்கிறது. உண்மையில் எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

மழைக்கால்:
வாரம் ஒரு முறை மாற்றுவதை விடாதீர்கள். நான் பெரம்பூரில் இருக்கிறேன், என் வீடும் சின்னதுதான். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு இந்த மண் சரியாகக் காய்வதே இல்லை. அள்ளும்போது கட்டி உடையும். உடைந்த பொடி கரண்டி ஓட்டை வழியாகத் தொட்டிக்கே திரும்பிப் போகும். அந்தப் பொடி முழுக்கச் சிறுநீர். அதிலிருக்கும் யூரியாவைக் கிருமிகள் உடைக்க உடைக்க அம்மோனியா வருகிறது. நெடி அதுதான்.

உள்ளேயே இருப்பவர்களுக்கு அந்த வாசனை பழகிவிடும். வெளியிலிருந்து வரும் பக்கத்து வீட்டு அம்மாவின் மூக்கைத்தான் நான் நம்புவேன். பூனையின் மூக்கு மண்ணுக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது, அதையும் யோசியுங்கள். மூட்டையில் ஒரு மாதம் வரும் என்று போட்டிருப்பது ஒரு பூனைக்குச் சொன்ன கணக்கு.

ஆறு பூனை:
மழைக்கால் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. திருவான்மியூரில் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த ஆறு பூனைகள் என் வீட்டில் இருக்கின்றன, ஏழு தொட்டிகள். பூனைக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்று வைக்க வேண்டும். மாதம் ஒரு முறைதான் மொத்தமாக மாற்றுகிறேன். வருகிறவர்கள் யாரும் மூக்கைப் பொத்தியதில்லை.

முக்கியமானது ஆழம். வாரம் ஒரு முறை கொட்டுகிறவர்கள் செலவை நினைத்து ஒரு அங்குலம்தான் மண் போடுவார்கள். சிறுநீர் நேரே அடித்தட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். சுரண்டச் சுரண்ட பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து, நெடி அந்தக் கீறலிலேயே தங்கிவிடும். மூன்று அங்குலம் போட்டுப் பாருங்கள். கட்டி நடுவிலேயே நின்றுவிடும், அடித்தட்டு காய்ந்தே இருக்கும். காலையும் இரவும் அள்ளிவிட்டு, குறைந்த அளவுக்கு மேலே புது மண் தூவுங்கள்.

அப்புறம், பூனை தன் இடத்தை வாசனையால்தான் அடையாளம் காண்கிறது. வாராவாரம் அதைச் சுத்தமாக அழித்துவிட்டு, தொட்டியை விட்டு வெளியே போகிறானே என்று வருத்தப்படுவதில் என்ன நியாயம்? நான் மாற்றும்போதுகூட ஒரு கைப்பிடி பழைய மண்ணைப் புதியதில் கலந்துவிடுவேன். இது மக்குகிற பொருளும் இல்லை. கட்ச், ராஜஸ்தான் பக்கம் தோண்டி எடுத்த களிமண். நாம் கொட்டுகிற ஒவ்வொரு மூட்டையும் பெருங்குடி, கொடுங்கையூர் மாதிரிக் குப்பைமேட்டில் போய்க் குவிகிறது. தேவைக்கு மேல் ஒரு கிலோ கொட்டினாலும் எனக்கு மனது ஒப்பவில்லை.

மழைக்கால்:
தினம் இரண்டு வேளை அள்ளுகிறவருக்கு மாதக் கணக்கு சரி. இவர் இரண்டு நாளுக்கு ஒரு முறை அள்ளுகிறார், இரண்டு பூனைக்கு ஒரே தொட்டி. இந்த நிலையில் மாதம் ஒரு முறை என்று சொல்லிவிட்டால், அந்தப் பூனைகள் நான்கு வாரம் மூத்திரச் சேற்றில் கால் வைக்கும். வீட்டிலேயே இருக்கிற உங்களால் முடிகிறது, அக்கா. காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்கு வருகிறவர்களையும் நினையுங்கள்.

ஆறு பூனை:
இரண்டு பூனையின் தொட்டியை அள்ள ஐந்து நிமிடம்கூட ஆகாது, தம்பி. சோறு வைக்க நேரம் இருக்கிறதல்லவா, அதோடு சேர்த்து இதையும் செய்யலாம். தினம் அள்ளுவதில் இன்னொரு பலன் இருக்கிறது. போன வருடம் என் வயதான பெட்டையின் கட்டிகள் திடீரென்று இரண்டு மடங்கு பெரிதாயின. கையில் அள்ளியதால்தான் தெரிந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கவிழ்த்துக் கொட்டியிருந்தால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

செம்மண்:
காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் முப்பது வருடமாகப் பூனை உண்டு. கடை மண்ணே வாங்கியதில்லை. முன்பு ஆற்று மணல், இப்போது அது கிடைப்பதில்லை, எம்-சாண்ட். மணல் கட்டியாகாது, சிறுநீர் அடியில் இறங்கிவிடும். அதனால் மூன்று நாளைக்கு மேல் வைக்கக் கூடாது. எடுத்து மொட்டை மாடியில் வெயிலில் பரப்பிக் காயவைத்து மறுபடி போடுவோம். ஒரு பைசா செலவில்லை. எத்தனை நாள் என்ற கேள்வியே மண்ணைப் பொறுத்ததுதான் என்பது என் கருத்து.

நாமக்கல் கால்நடை:
கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். மண்ணைப் பற்றிப் பிறகு பேசலாம். இரண்டாம் மாடி, முதலில் கடுவனைப் பாருங்கள்.

அடிக்கடி போய்க் குந்துகிறானா? சொட்டுச் சொட்டாக வருகிறதா? கத்துகிறானா? சிறுநீர் வரும் இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறானா? ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். அது அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளிலேயே இதயம் நின்றுவிடலாம். சிறுநீரே வரவில்லை என்றால் இந்த இரவே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வருகிறது என்றாலும் நாளை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பத்து நாள் என்பது நீளம்.

இரண்டாவது, ஃபினாயிலை உடனே நிறுத்துங்கள். ஃபீனால் வகைப் பொருட்களைக் கழித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டும், அதை நக்கும், உள்ளே போகும். தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கிற கிருமிநாசினி எதுவும் பூனை இருக்கிற வீட்டில் வேண்டாம். அதன் வாசனைக்குப் பயந்தே தொட்டிக்குப் போகாமல் இருக்கலாம். பிளீச்சும் கூடாது, சிறுநீரில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். வாசனை இல்லாத சோப்பு, சுடுதண்ணீர், பிறகு நல்ல வெயில். இதுவே போதும்.

செம்மண் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. வெளியே போய் எலி, பல்லி பிடிக்கிற பூனைகள் என்றால், காயவைத்த மணலைத் திரும்பப் போடாதீர்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைக்கூடுகள் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மேலாகப் பரப்பிக் காட்டும் வெயிலை நம்ப முடியாது.

செம்மண்:
இது எனக்குத் தெரியாது. மாடியில் பேரப்பிள்ளைகள் விளையாடுகிற இடம் அது. இனி காயவைக்க மாட்டேன். மூன்று நாள் கணக்கை மட்டும் மாற்ற மாட்டேன், மணலுக்கு அதுதான் சரி.

குளக்கரை:
டாக்ஸோ பற்றி எழுதியதால் கேட்கிறேன். எனக்கு இது ஐந்தாம் மாதம். பூனையை யாருக்காவது கொடுத்துவிடு என்று அத்தை தினமும் சொல்கிறார். மூன்று வருடமாக என் கூடவே இருக்கிறாள், வீட்டை விட்டு வெளியே போனதில்லை. கொடுக்கத்தான் வேண்டுமா? இரவில் தூக்கம் வரவில்லை.

நாமக்கல் கால்நடை:
கொடுக்க வேண்டியதில்லை, அக்கா. மலத்தோடு வெளியே வருகிற முட்டைக்கூடு உடனே தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதற்குள், அதாவது அன்றன்றைக்கே மலத்தை அள்ளி எறிந்துவிட்டால் ஆபத்து பெருமளவு குறைகிறது. அதை நீங்கள் செய்யாதீர்கள், வீட்டுக்காரர் செய்யட்டும். வேறு ஆளே இல்லாத நாளில் கையுறை போட்டு அள்ளிவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். பெரும்பாலும் பூனை முதல் முறை தொற்று வாங்கும்போது மட்டும், ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான் இதை வெளியேற்றும். வெளியே போகாமல், சமைத்த உணவோ கடைத் தீனியோ மட்டும் சாப்பிடுகிறவளுக்குத் தொற்ற வழி குறைவு. பச்சைக் கறி மட்டும் போடாதீர்கள்.

சரியாக வேகாத கறி, கழுவாத கீரை, தோட்ட மண் வழியாகவும் மனிதர்களுக்கு இது வரும். அத்தையிடம் அதையும் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆறு பூனை:
குளக்கரை, நிம்மதியாகத் தூங்கும்மா. என் மகள் பிறந்தபோது வீட்டில் மூன்று பூனைகள். என் கணவர் ஒரு நாள் விடாமல் அள்ளினார்.

மழைக்கால் தம்பி, மாணவர் சொன்ன ஒன்று முதல் ஐந்து நாள் கணக்கைப் பாருங்கள். வாரம் ஒரு முறை கொட்டுகிறோம் என்ற தைரியத்தில் நடுவில் அள்ளாமல் விட்டால், முதல் நாளுக்குப் பிறகு அந்த வாரம் முழுக்கப் பாதுகாப்பே இல்லை. தினம் அள்ளுவதை விட்டுவிட்டு மாற்றும் நாளைப் பற்றி மட்டும் சண்டை போடுகிறோம்.

மழைக்கால்:
தினம் அள்ளுவது முதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் இரவில் மட்டும் அள்ளுகிறேன், இனி காலையிலும் செய்வேன். ஆனால் சென்னை மழை மாதங்களில் பெண்டோனைட் ஒரு மாதம் தாங்கும் என்பதை ஏற்க மாட்டேன். மேலே பார்த்தால் காய்ந்திருக்கும். மூன்றாம் வாரம் கையை விட்டு அடியைத் தோண்டிப் பாருங்கள். கருத்துப்போய்க் களியாக இருக்கும்.

இரண்டாம் மாடி:
எல்லோருக்கும் நன்றி. மறுநாள் காலையிலேயே வேப்பேரிக்குப் போனோம். அடைப்பு இல்லை, ஆனால் சிறுநீரில் படிகங்களும் அழற்சியும் இருக்கின்றன. தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டும், உலர் தீனியைக் குறைத்து ஈரத் தீனி கொடுங்கள் என்றார்கள், மருந்தும் எழுதினார்கள். இத்தனை நாள் அவன் அடம் பிடிக்கிறான் என்று நினைத்து இரண்டு முறை அதட்டிவிட்டேன். அது மனதை அறுக்கிறது.

ஃபினாயிலை வீட்டிலிருந்தே எடுத்துவிட்டேன். பழைய தொட்டியில் அந்த வாசனை போகவில்லை, அதையும் தூக்கிப் போட்டுவிட்டேன். மூன்று தொட்டிக்கு இடமில்லை, இரண்டு வைத்திருக்கிறேன். மூன்று அங்குல மண், காலையும் இரவும் அள்ளுகிறேன். ஆறு நாளாகக் கால்மிதி காய்ந்தே இருக்கிறது. இப்போதைக்கு எந்த நாளில் மாற்றுவது என்று முடிவு செய்யவில்லை. மழைக்கால் சொன்னபடி தோண்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இரண்டாம் மாடி:
புது மண் போட்டு இன்று 17வது நாள். தோண்டினேன். பெட்டையின் தொட்டி அடிவரை பொலபொலவென்று இருக்கிறது, நெடியே இல்லை. கடுவன் போகிற தொட்டியில் சுவரை ஒட்டிய மூலையில் மட்டும் களிபோல அப்பியிருக்கிறது, அம்மோனியா மூக்கில் ஏறுகிறது. அந்தத் தொட்டியை மட்டும் கொட்டிக் கழுவிவிட்டேன்.

மழைக்கால்:
நான் சொன்ன மூன்றாம் வாரம்கூட முடியவில்லை.

ஆறு பூனை:
ஒரு மூலையில்தானே. அவன் எப்போதும் அங்கேயே போகிறான் என்றால் அந்தப் பக்கம் நாலு அங்குலத்துக்கு மண்ணை ஏற்றிவிடுங்கள், அடுத்த முறை எத்தனையாவது நாளில் அப்புகிறது என்று பார்ப்போம். அவனுடைய கட்டிகள் இப்போது எவ்வளவு பெரிதாக வருகின்றன? அதையும் எழுதுங்கள்.